கட்டி முடியாத துப்பாக்கி

எல்டன் டெட்ரோ எந்தப் பொருளையும் இரண்டு தடவை செய்வார். முதல் தடவை மனதுக்குள். இரண்டாவது தடவை பெரும்பாலும் நடக்காது.

கொட்டகையில் பாதி முடிந்த படகு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்து ஊர் தேவாலயம் வேண்டாமென்று தூக்கிப்போட்ட பியானோ, பற்களெல்லாம் கழற்றப்பட்டுப் பேரக்குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் படகில் எல்டன் மிஸிஸிப்பி ஆறு முழுக்கப் போய்வந்துவிட்டார். அந்தப் பியானோவில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டார். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் வடக்கு மிசௌரியின் அந்தப் பகுதியில் கிடையாது. ஆனால் அவர் சம்பளத்துக்குச் செய்த வேலையைப் பற்றி ஒருவர் குறை சொன்னதில்லை. ஊர் சரளைச் சாலைகளைச் சீவிச் சமப்படுத்தும் வண்டியை ஆயுள் முழுக்க ஓட்டியவர் அவர். அவர் போன பிறகு அந்தச் சாலையில் காபிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கார் ஓட்டலாம் என்பார்கள்.

போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றார். கேக் வெட்டினார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் வீட்டில் ஏதோ மாறிப்போனது. முகச்சவரம் நின்றது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் பிற்பகல் லோர்னா தேடிக்கொண்டு போனபோது, மனிதர் டிராக்டர் கொட்டகையில், ஓடாத டிராக்டரின் இருக்கையில், கோட்டுகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. என்ன செய்கிறாய் என்று அவள் கேட்டதற்கு, சும்மா என்றார்.

எல்டனின் அப்பாவும் இதே வயதில், ஒரு குளிர்காலக் கடைசியில், தொழுவத்துக்குப் போகிறேன் என்று போனவர் தன் காலால் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் வாய் திறந்ததில்லை. ஊரும் திறந்ததில்லை.

அந்த வாரமே லோர்னா வீட்டிலிருந்த மான் வேட்டைத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றித் தன் தம்பி கிளேட்டின் துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப்போனாள். மரக்கட்டையில் கீறல் விழுந்திருக்கிறது, சரிசெய்ய வேண்டும் என்றாள். எல்டன் தலையாட்டினார். கீறல் ஒன்று இருந்தது உண்மைதான். அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே இருந்தது.

லோர்னாவின் உயிர் அவளுடைய ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஒவ்வொன்றின் குணத்துக்கும் கதை உண்டு. குட்டி போடும் காலம் நெருங்கியபோது ஓடைக்கரையில் கயோட்டி என்கிற காட்டு நரிகளின் ஊளை கேட்க ஆரம்பித்தது. பிறந்து ஈரம் காயாத குட்டியை விடியலில் வந்து தூக்கிக்கொண்டு போகிற ஜாதி அது. வீட்டிலோ துப்பாக்கி இல்லை. கிளேட்டைக் கேட்டால் கட்டைக்குப் பூசின எண்ணெய் இன்னும் காயவில்லை என்றான். எண்ணெய் காய இத்தனை மாதமா என்று எல்டன் நினைத்துக்கொண்டார், ஆனால் மச்சானின் சோம்பேறித்தனம் அவருக்குப் புதிதல்ல. சரி, புதிதாக ஒன்று பார்ப்போம் என்று கிளம்பினார். விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடு வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். அதிலேயே மலிவான ரகம் போதும்.

கிளேட்டின் கடையில் சுவர் நிறையத் துப்பாக்கி. கையை நீட்டி ஒன்றைக் காட்டி, அதை எடு என்றார் எல்டன். கிளேட் எடுக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி சூயிங்கத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினான்.

“மச்சான், அதையா வாங்கப் போற? ஊர்ல எல்லாப் பயலும் வச்சிருக்கானே அதை.”

“சுடுமா சுடாதா?”

“சுடும். ஆனா உன் கைக்கு அது அவமானம். உன்னை மாதிரி ஆளு சாமான் சாமானா வாங்கிக் கட்டணும். குழல் நீ பாத்தது, கட்டை நீ பாத்தது. கையில காசு இருக்கறப்ப ஒண்ணு, இல்லாதப்ப சும்மா இரு. அவசரம் என்ன?”

“கயோட்டிக்கு அவசரமாம்.”

“கயோட்டி எந்தக் காலத்துல இல்ல? நான் சொல்றேன், கட்டு.”

விற்க உட்கார்ந்திருப்பவன் விற்க மாட்டேன் என்கிறானே என்று எல்டனுக்கு ஒரு கணம் உறைத்தது. அடுத்த கணமே அது மறந்தும் போனது. கட்டு என்ற சொல் அவருக்குள் போய் விழுந்துவிட்டது. வண்டி வீடு வந்து சேர்வதற்குள் துப்பாக்கியை ஒரு தடவை முழுக்கக் கட்டிப் பிரித்திருந்தார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் நன்றாக இருந்தன. அதைச் சொல்லத்தான் வேண்டும். தபால்காரி ஜீப்பை நிறுத்தி அட்டைப்பெட்டியை நீட்டும்போது எல்டன் வாசலிலேயே நிற்பார். சமையலறை மேசையில் லோர்னா பழைய துண்டொன்றை விரித்து வைத்தாள். அதன்மேல் ஒவ்வொரு பாகமாக வந்து படுத்தது. சாயங்காலம் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒன்றைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெளியே பனி விழும். குழலின் ஓட்டை வழியாகப் பார்த்தால் ஜன்னலுக்கு அப்பால் ஒரு வட்ட நிலா அளவுக்குப் பனி தெரியும். அந்த வட்டத்துக்குள் வேலி, வேலிக்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் தான் சீவிச் சமப்படுத்திய சாலைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து போய்க்கொண்டே இருப்பதை அவர் பார்த்தார். அந்தச் சாலைகளில் யாருமில்லை. இருந்தும் போய்வர அழகாக இருந்தன. எங்கே போனாய் என்று லோர்னா பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாள். இதோ வந்துவிட்டேன் என்பார்.

ஒருநாள் காலை சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். லோர்னா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அப்புறம் தட்டில் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டி இரண்டு கூடுதலாக வைத்து, அதன்மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றினாள்.

எல்லாம் வந்தாயிற்று, மற்ற பாகங்களெல்லாம் பொருந்தும் நடு உடல் மட்டும்தான் வரவில்லை. குழலும் கட்டையும் மற்றதும் சட்டத்தின் கண்ணில் வெறும் இரும்பு. உள்ளங்கை அளவுள்ள அந்த உடல் பாகம்தான் துப்பாக்கி. அது தபாலில் வீட்டுக்கு வராது, கடை வழியாகத்தான் வர வேண்டும். கிளேட் தினம் ஒரு காரணம் சொன்னான். லாரி வரவில்லை, பனியில் சாலை மூடிவிட்டது, வேறு மாடலை அனுப்பிவிட்டார்கள். கடைசியில் எல்டன் கடைக்குப் போன நேரத்தில் அவர் பெயர் எழுதிய பெட்டி கல்லா மேலேயே இருந்தது. கிளேட் அதைப் பார்த்தான், அக்காள் புருஷனைப் பார்த்தான், பெருமூச்சு விட்டுவிட்டு, வாங்குபவரைப் பற்றிய வழக்கமான சோதனையெல்லாம் முடித்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வந்த கையோடு எல்டன் மேசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ரகத் துப்பாக்கியைக் கட்டிய அத்தனை பேருக்கும் நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது. கண் இமை முடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அதை அழுத்திப் பிடிக்கும்போது கட்டைவிரல் வழுக்கினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அப்புறம் அதை மனிதர் கண் பார்ப்பதில்லை. எல்டனின் கட்டைவிரல் வழுக்கியது.

இருவரும் முட்டி தேய கார்பெட்டில் தவழ்ந்தார்கள். லோர்னா சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். பழைய பொத்தான், உலர்ந்த பட்டாணி, பேத்தி தொலைத்த தோடு எல்லாம் கிடைத்தன. ஸ்பிரிங் இல்லை. கிளேட்டுக்குப் போன் செய்தால் அது தனியாகக் கையிருப்பில் இல்லை, எழுதிப் போட்டிருக்கிறேன், வரும் என்றான். உலகத்திலேயே மலிவான சாமான் அது. வேறு கடையில் கேட்கலாம்தான். எல்டன் கேட்கவில்லை. காலையில் காபி குடித்ததும் டார்ச் விளக்கோடு கார்பெட்டில் படுத்துக்கொள்வது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. கன்னத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கார்பெட் அறுவடைக்கு முந்திய வயல் மாதிரி இருந்தது.

அந்த நாட்களில்தான் முதல் குட்டி போனது. விடியலில் தாயாடு வேலியோரம் நின்று கத்திக்கொண்டே இருந்தது. பனியில் இழுத்துப் போன தடம் ஓடை வரைக்கும் தெரிந்தது. லோர்னா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்டனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் கனவுக்காக அவள் குட்டியைக் கயோட்டிக்குக் கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. இன்றைக்கே போய்க் கட்டின துப்பாக்கியாகவே ஒன்றை வாங்கிவருகிறேன் என்று சாவியை எடுத்தார்.

“வேண்டாம்,” என்றாள் லோர்னா. கண் சிவந்திருந்தது. “நீ உள்ள போய்த் தேடு.”

அவர் பிரமித்துப் போனார். இந்த மனுஷி இத்தனை வருடத்தில் எதையும் தேடிக்கொண்டே இரு என்று சொன்னவளல்ல. அந்தப் படகுக்கும் பியானோவுக்கும் அவள் திட்டிய திட்டுகள் கொஞ்சமா?

அதே வாரத்தில் இன்னொரு குட்டியும் போனது. இந்தத் தடவை அது இரட்டையில் ஒன்று, லோர்னா அடுப்புப் பக்கத்தில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றி, முந்தின நாள்தான் தாயிடம் விட்டிருந்தாள்.

அன்று காலை எல்டனின் கோட்டு நனைந்து தொங்கியது. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த லோர்னாவின் தொழுவக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆடுகளுக்கு வைக்கோல் போடப் போனார். கை விறைத்தது. பாக்கெட்டுக்குள் விட்டார். வைக்கோல் கயிறு ஒரு துண்டு, பால்புட்டி நிப்பிள், காகிதம் பிரிக்காத பெப்பர்மிண்ட். அதற்கும் அடியில் கைக்குட்டைத் துணியில் மடித்து, ஊசி குத்தி வைத்திருந்த சின்னப் பொட்டலம். பிரித்தார். ஸ்பிரிங் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்தக் குளிரில், ஆடுகள் வைக்கோல் மெல்லும் சத்தத்துக்கு நடுவில், ஒவ்வொன்றாகத் தெளிந்தது. காயாத எண்ணெய். விற்க மாட்டேன் என்ற கடைக்காரன். வந்து சேராத லாரி. டிராக்டர் கொட்டகையில் லோர்னா தன்னைப் பார்த்த பார்வை. அப்பா கடைசியாக நடந்து வந்ததும் இதே தொழுவத்துக்குத்தான். அவர் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதார். அப்பா போனபோது இதே இடத்தில் அழ வேண்டியதை அன்றைக்கு அழுது முடித்தார்.

உள்ளே லோர்னா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எல்டன் பொட்டலத்தை மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் கை நின்றது. பொய் எதுவும் சொல்லவில்லை.

“அன்னைக்கே கிடைச்சிடுச்சு,” என்றாள். “சோபா கால்கிட்ட.”

“ரெண்டு குட்டி போச்சே, லோர்னா.”

“குட்டி அடுத்த வருஷமும் பொறக்கும்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேசையில் சிந்தியிருந்த மாவை விரலால் கூட்டினார்.

“டிராக்டர்ல உக்காந்திருந்தேனே, அன்னைக்கு நான் சும்மா உக்காரல.”

“தெரியும்.”

“இப்ப அவ்வளவு இல்ல. ஆனா சில நாள் காலைல வருது.”

“வந்தா சொல்லு. மாவுக் கையோட இருந்தாலும் சொல்லு.”

டாக்டரிடம் போகலாமா என்று அவள் கேட்டாள், போகலாம் என்றார். அப்புறம் ஸ்பிரிங்கை எடுத்துத் துணியில் பழையபடி மடித்து, ஊசியைக் குத்தி, அவளுடைய ஏப்ரன் பாக்கெட்டுக்குள் தன் கையாலேயே போட்டார். நான் கேட்கிற வரைக்கும் நீயே வைத்துக்கொள் என்றார்.

கிளேட்டுக்குப் போன் செய்தார். திட்டுவார் என்று அவன் பயந்தான். எல்டன் கேட்டது, அவனுடைய பக்கத்துப் பண்ணைக்காரர் விற்க வைத்திருந்த கழுதையைப் பற்றி. ஆடுகளோடு விட்டால் நாய் ஜாதி எதையும் கிட்டே அண்டவிடாத கழுதை அது. மறுநாளே டிரெய்லரில் வந்து இறங்கியது. சிடுமூஞ்சி. இறங்கியதும் கிளேட்டின் தொப்பியைக் கடித்தது. அதற்கப்புறம் ஓடைக்கரையிலிருந்து ஊளைதான் வந்தது, கயோட்டி வரவில்லை. விடியலில் எல்டன்தான் முதலில் எழுந்துபோய் அதற்கு ஓட்ஸ் வைக்கிறார்.

துண்டின்மேல் துப்பாக்கி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இத்தனை பாடுபடுவதற்குக் கட்டினதாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே என்பார்கள். எல்டன் காபியை ஒரு வாய் குடிப்பார்.

“ஒரே ஒரு ஸ்பிரிங்தான் பாக்கி,” என்பார். “வீட்லதான் எங்கயோ இருக்கு.”

லோர்னா ஏப்ரன் பாக்கெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, வந்தவர்களுக்கு இன்னும் ஒரு துண்டு ஆப்பிள் பை வேண்டுமா என்று கேட்பாள்.