கூலி என்றுதான் சொன்னேன்

அன்றைக்கு நான் கூலி என்று சொல்லாமல் 'ஜாப் ஒர்க்' என்று சொல்லியிருந்தால் என் கணவர் ஒன்பது நாள் என்னிடம் பேசாமல் இருந்திருப்பாரா? இரண்டு வருடமாகியும் பதில் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் பட்டறை. கிணற்று மோட்டார் செய்கிறோம், மாதம் இருபது போகும். ஈரோட்டு வியாபாரி ஒருவர் வந்து மூன்று மாதத்தில் இருநூறு வேண்டும் என்றார். முன்பணம் கிடையாது. சரக்கு போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் பணம்.

ஆள் பிடித்துவிடலாம். மோட்டாருக்குள் சுற்றும் தாமிரக் கம்பிக்கு எங்கே போவது? கம்பிக் கடையில் எங்களுக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் கடன் தர மாட்டார்கள். பேங்கிலும், "உங்க கடன் லிமிட் அவ்வளவுதாங்க" என்றுவிட்டார்கள்.

மாமனார் யோசிக்கவே இல்லை. "நம்ம கிணத்துக்கடவுத் தோப்பை அடமானம் வெச்சுப்போடலாம்" என்றார். கணவர் தலையாட்டினார். எட்டு மாதக் குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி நான் பயந்துகொண்டிருந்தேன். அந்த ஆள் பணத்தை ஒரு வருடம் இழுத்தால் தோப்பு போய்விடுமே.

முடிவு கேட்க வியாபாரி வந்தபோது காபி கொடுக்கப் போனவள், இடுப்பில் குழந்தையோடு அப்படியே நின்று சொன்னேன்.

"ஏனுங்க, கம்பி, வார்ப்பு எல்லாம் நீங்களே வாங்கிக் குடுத்துருங்க. நாங்க செஞ்சு தர்றோம். கூலி மட்டும் குடுத்தாப் போதுங்க."

வியாபாரி என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "அட, இங்க முதலாளி அம்மணிதானுங்களா?" ஆனால் ஒப்புக்கொண்டார். மொத்தமாக வாங்கினால் அவருக்குக் கம்பி மலிவாம்.

அவர் போனதும் மாமனார் சொன்னார்: "எங்கப்பன் அடுத்தவன் காட்டுக்குக் கூலிக்குப் போனாரு. நான் போகலை. இப்ப எம் மருமவ எம் பையனைக் கூட்டிட்டுப் போறா."

"தோப்பு போச்சுன்னா எல்லாருமே போகோணுங்க மாமா."

அவரை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. செய்கிற வேலைக்குக் காசு வாங்குவதில் என்ன கேவலம்?

இருநூறும் நேரத்துக்குப் போயின. கூலியும் வந்தது. ஆனால் சாமான் வியாபாரியுடையது என்பதால் மோட்டாரில் அவர் பெயர்த் தகடு. அதை ஒவ்வொன்றாக அடித்தவர் என் கணவர். கூலிப் பேச்சு நடந்த அன்றிலிருந்து பேசாத ஒன்பது நாள் முடிந்து அவர் முதலில் சொன்னது, "பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுது, பாரு."

அடுத்த வருடம் லிமிட்டைக் கூட்டித் தரச் சொல்லிப் பேங்குக்குப் போனோம். "விற்பனை குறைஞ்சிருக்குதுங்களே" என்றார் மேனேஜர். பில்லில் மோட்டாரின் விலை இல்லை, கூலி மட்டும்தானே இருந்தது! என்றும் இல்லாத அளவு உழைத்த வருடத்தில் காகிதத்தில் சின்னவர்களாகிவிட்டோம். பி.காம். படித்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா?

இப்போது அதே வியாபாரி ஐந்நூறு கேட்கிறார், அதே கூலிக்கு. மாமனார் மறுபடி தோப்புப் பத்திரத்தை எடுத்து வைத்திருக்கிறார். கணவர், "இந்தத் தடவையும் நீயே சொல்லிப்போடு" என்கிறார். அது கோபமா, நம்பிக்கையா, தெரியவில்லை.

பட்டறை நடத்துகிறவர்கள் சொல்லுங்கள். பாதி மோட்டாருக்கு அவர் கம்பி, மீதிக்கு எங்கள் கம்பி, எங்கள் பெயர்த் தகடு என்று கேட்டால் ஒத்துக்கொள்வாரா? முன்பணம் கேட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடுவாரா? அடுத்த மாதம் வருகிறார். தோப்பை அடமானம் வைக்கச் சொல்பவர்கள் மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.