சத்தம் ஆகாத சாமி

எட்டயபுரம் போகிற பாதையில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று உண்டு. அதற்குள் வௌவால்கள் குடியிருந்தன. பக்கத்திலேயே ஆடு மேய்க்கும் சுப்புத்தாய்க்கு ஒரு குறுக்கம் கரிசல் நிலம். சுரங்க வாசலில் கிடக்கும் வௌவால் புழுக்கையை அள்ளிப் போட்டுத்தான் அவளுடைய பருத்தி இடுப்புயரம் நின்றது. எருவுக்காகத்தான் அவற்றைக் காப்பதாகச் சொல்லிக்கொள்வாள். அது முழு உண்மையில்லை. பொழுது சாய்கையில் அவை கூட்டமாய்க் கிளம்புவதைப் பார்க்காமல் அவள் ஆடு பத்திக்கொண்டு வீடு திரும்பியதே கிடையாது.

மூச்சிழுப்புக்கு வௌவால் கறி நல்லது என்று எவனோ புண்ணியவான் சொல்லிவைக்க, ஊர் இளவட்டங்கள் சுரங்க வாசலில் முள்ளைக் கொளுத்திப் புகைபோட வந்தார்கள். ஏசிப் பார்த்தாள், கேட்கவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒருநாள், வீட்டில் விரிசல் விட்டுக் கிடந்த ஆட்டுரல் குழவியைச் சுமந்துபோய் வாசலில் நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

"சொரங்கத்தம்மன் கனவுல வந்தா. வௌவாலெல்லாம் அவ பிள்ளைகளாம்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு பயல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாமியே இல்லை என்று பேசித் திரிந்தவன்கூடச் சுற்றுப்பாதையில் போனான்.

அதோடு நின்றதா? யாரோ வேண்டிக்கொள்ள, மறு வருஷம் மழை பெய்து தொலைத்தது. அதற்கடுத்த வருஷம் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. அறுபத்தோராம் வருஷம் சித்திரையில் ஊர்த்தலைவர் வன்னியபெருமாள் வந்து நின்றார்.

"சுப்புத்தாயி, அம்மனுக்குக் கொடை குடுக்கப் போறோம். மேளம் சொல்லியாச்சு. சொரங்க வாசல்லயே இருபத்தோரு வேட்டு போடுதோம்."

வௌவால்கள் குட்டிபோட்டிருந்த சமயம். வேட்டுச் சத்தத்தில் தாய்கள் பதறிப் பறந்தால், பறக்கத் தெரியாத குட்டிகள் பொத்துப்பொத்தென்று விழுந்து சாகும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோமே என்று நொந்தவள், வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அது சாமியில்ல. எங்க வீட்டு ஆட்டுரல் கொழவி."

வன்னியபெருமாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கொழவியா வந்து ஒங்க வீட்டுல இருந்திருக்கா! ஒனக்குத்தான் தெரியல."

கொடைத் திருவிழாவன்று மத்தியானம், வேட்டுக்குத் தீ வைக்கப் போகிற நேரம். சாமியாடிகளைக் காலமெல்லாம் கேலி பேசிய சுப்புத்தாய், கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்கினாள். எப்படி ஆடுவதென்று தெரியாததால், தன் கிடா முட்ட வருவதுபோல் குதித்தாள்.

"ஏலே! எனக்கு வேட்டு ஆகாது! கொட்டு ஆகாது! எம் பிள்ளைய எல்லாம் தூங்குதுவ!"

"கொட்டில்லாம எப்படித் தாயி கொடை?" என்று வன்னியபெருமாள் கைகட்டிக் கேட்டார்.

"வாயப் பொத்திக்கிட்டு நடத்துலே!"

ஊர்த்தலைவரை 'லே' போட்டதில் அவளுக்குக் கொஞ்சம் ருசியும் தட்டியது.

அப்படியே நடந்தது. நூறு காலடி தள்ளிப் பொங்கலிட்டார்கள். மேளக்காரர்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் குலவையை முந்தானைக்குள் விட்டார்கள். தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள்.

பொழுது சாய்ந்தது. சுரங்கத்திலிருந்து வௌவால்கள் புறப்பட்டன. சில தாய்களின் வயிற்றில் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. சுப்புத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடம்பு கிடுகிடுவென்று நடுங்கக் கண்ணீர் கொட்டியது.

"அம்மன் மறுபடியும் எறங்கிட்டா" என்று கிசுகிசுத்தபடி வன்னியபெருமாள் அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார். ஊர் மொத்தமும் சத்தமில்லாமல் காலில் விழுந்தது. இந்தத் தடவை நடிக்கவில்லை என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?