வக்கீலம்மா கேட்ட கையெழுத்து

வக்கீலம்மா முப்பிடாதி இறந்துவிட்டார் என்று அவருடைய ஜூனியர் இசக்கி காலையில் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனி என்னைப் பிடித்துக்கொண்டு போனால் யார் வருவார்கள் என்றுதான் நினைத்தேன். தென்காசி கோர்ட்டில் அவரோடு பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். நான் சுரண்டையில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன், எந்த வம்புக்கும் போகாதவன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன், சீசன் நேரம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் பையைக் காணோம். சட்டை, வேட்டி, போன், பர்ஸ் எல்லாம் அதில்தான் இருந்தன. இடுப்பில் ஈரத் துண்டோடு நின்று, ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காசு கேட்டேன். மூன்றாவது ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. மறுநாள் யாரோ பெரிய மனிதர் வருகிறாராம், பிச்சைக்காரர்களை அப்புறப்படுத்துகிறார்களாம். நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வேனில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். பக்கத்தில் செல்லம்மா என்ற பெண். சப்பாத்திக் கடையில் பாத்திரம் கழுவியவர். கையில் எண்ணெய் கொட்டி, வேலை போய்விட்டது. "வீட்டுக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டார். ஈரத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்களை ஒரு பழைய மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். பிச்சை எடுப்பது குற்றம், சுதந்திரத்துக்கு முன்பே போட்ட சட்டம், மாஜிஸ்திரேட் நினைத்தால் ஆண்டுக்கணக்கில் பிச்சைக்காரர் விடுதியில் அடைக்கலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

டீக்கடைக்காரர் ஒருவர் சொல்லி, சாரலில் நனைந்தபடி வக்கீலம்மா வந்தார். பத்திர வேலையாகக் கோர்ட்டில் பார்த்திருந்த என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க பிச்சைக்காரர் இல்லைன்னு நான் சொன்னா இப்பவே விட்ருவாங்க. ஆனா அப்படிச் சொன்னா, மத்தவங்க பிச்சைக்காரங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நாளைக்குக் கோர்ட்டு வரைக்கும் இவங்க கூட இருப்பியளா? பஸ்ஸுக்குக் காசு கேட்டவரையும் சேத்துப் பிடிச்சிருக்காங்கன்னு நான் வாதாடுதேன்."

"எனக்குப் பயமா இருக்கும்மா. என்னைய மட்டும் எடுத்து விட்ருங்க."

அவர் கோபப்படவில்லை. "பயப்படுங்க, தப்பில்ல. நானும் பயந்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார். அரை மணி நேரத்தில், இசக்கி வாங்கிவந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். செல்லம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நான்கு பேரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கூட்டிப்போக ஆளில்லாத செல்லம்மாவை மட்டும் விடுதிக்கு அனுப்பினார்கள். வக்கீலம்மா ஏழு மாதம் அலைந்து அவரை வெளியே கொண்டுவந்து, செங்கோட்டையில் ஒரு சமையல் வேலையில் சேர்த்துவிட்டார்.

இவ்வளவு பழைய சட்டத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அது செத்துப்போச்சுன்னு எல்லாரும் நினைக்காங்க அண்ணாச்சி. ரத்து பண்ணாத வரைக்கும் அதுக்கு வயசே கிடையாது" என்றார்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட அவர் தயாராகிக்கொண்டிருந்தார். எனக்கு நடந்ததைப் பிரமாணப் பத்திரமாக, இரண்டு பக்கம், தன் கையாலேயே எழுதிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். அதன்பின் அவர் கையெழுத்துக் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "பயம் போச்சா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். "சரி, இருக்கட்டும்" என்று போய்விடுவார்.

சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பைகளில் பிரித்துக் காசு வைத்துக்கொள்ளாமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த இரண்டு பக்கங்கள்தான். காரியம் முடிந்த மறுநாள் இசக்கியின் முன் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். மண்டபத்தில் அவர் என்னை இருக்கச் சொன்னதையும், நான் மட்டும் கிளம்பிப் போனதையும் வக்கீலம்மா எழுதவே இல்லை. அதை நான் அடியில் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டேன்.