வாலுக்கு நீட்டிய வெற்றிலைத் தட்டு

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். கடைசி மகள் கடற்கன்னி வாலை மாட்டிக்கொண்டு மலேசியாவின் உம்பாய்க் கடலில் நீந்தி, வீடியோ சேனல் தொடங்கினாள்.

கோயிலில் எல்லார் முன்னும் என் நாத்தனார், "கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணுக்கு மீன் வேசமா? வெக்கமா இல்லயா அண்ணி?" என்றாள். நான் மறக்கவில்லை.

போன மாதம், அதே நாத்தனார் தன் பேரன் பிறந்தநாளுக்குக் கடற்கன்னி வேண்டுமென்று போனில் கேட்டாள்.

"வீட்டுக்கு வந்து தட்டு வச்சுக் கூப்பிடுலா" என்றேன்.

மகளை வாலோடு பாயில் உட்காரவைத்தேன். வால் மாட்டியவளால் எழுந்து நிற்க முடியாது. நாத்தனார் குனிந்துதான் தட்டை நீட்டினாள். அதைச் சேனலில் போடவைத்தேன். கோயில் சனம் முழுக்கப் பார்த்தது.

பேத்தி, நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா? வாசி. அவ குனிஞ்ச இடத்த மட்டும் ரெண்டு தடவ வாசி.