கிழக்கேகோட்டையில் கடை பார்க்கப் போன சனிக்கிழமை

நாகர்கோவிலில் நானும் அண்ணனும் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறோம். இன்னொரு கிளை திறக்க வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது என்று புரோக்கர் போன் செய்ததும், ஓணத்துக்கு முந்தைய சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம். அப்படி வெளியூருக்குக் கடை பார்க்கப் போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ரயிலில் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கினால் கிழக்கேகோட்டை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கொடுத்தோம். அன்றைய நெரிசலுக்கு நடந்தே போயிருக்கலாம்.

இடம் அருமை. எதிரே சினிமா தியேட்டர், இரண்டு பக்கமும் துணிக்கடைகள், கூப்பிடு தூரத்தில் பஸ் ஸ்டாண்ட். "இத விடப்படாது பிள்ள," என்றான் அண்ணன் என் காதருகே.

கடையில் அப்போது வளையலும் நடன நகைகளும் விற்றுக்கொண்டிருந்தார்கள். "இவரு ஓணம் கழிஞ்ஞா கடையை ஒழிச்சுட்டுப் போகும். வேறொரு பார்ட்டி சாயங்காலம் வருது, கேட்டோ. அதுக்கு முன்னே அட்வான்ஸ் கொடுத்தா உங்களுக்கு," என்று புரோக்கர் எங்களை வாசலிலேயே நிறுத்தி, மலையாளம் கலந்த தமிழில் தாழ்ந்த குரலில் அவசரப்படுத்தினார். பிறகு ஏதோ போன் வர, பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார்.

அண்ணன் டேப்பை எடுத்துப் பின்சுவரை அளக்கத் தொடங்கினான். மறுமுனையை நான் பிடித்திருந்தேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார்.

"என்னத்துக்கு அளக்கீங்க?"

"நாங்கதான் அடுத்து எடுக்கோம். ஓணம் கழிஞ்சு நீங்க காலி பண்ணுதீங்கல்லா?" என்றான் அண்ணன்.

அவர் நேராக வாசலுக்குப் போய் ஷட்டரை இழுத்து இறக்கி, உள்ளே இருந்தபடியே பூட்டினார். தெருச் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. ஒற்றை பல்பு வெளிச்சம்.

"ஓனர் வரட்டு. என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டு. அதுவரை ஆரும் போகண்டாம்," என்று ஷட்டரில் முதுகைச் சாய்த்து நின்றார்.

அண்ணன் டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவரை நோக்கிப் பாய்ந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு தட்டு நிறைய வளையல்கள் விழுந்து உடைந்தன. மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"உங்ககிட்ட ஆருமே சொல்லலியா?" என்று கேட்டேன்.

"ஓணம் கழிஞ்சு பெயின்ட் அடிக்கணும்னு மட்டும்தான் சொன்னாரு. மாசாமாசம் வாடகை கொடுக்கேன் மோளே."

அவர் பெயர் செல்வராஜ். களியக்காவிளைப் பக்கத்துக்காரர். புரோக்கரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். "கடைக்காரரு காலி பண்ண ஒத்துக்கிட்டாரா?"

"அதொக்கெ நம்ம பார்த்துக்கொள்ளாம். நீங்க கையெழுத்து போட்டா மதி. பெயின்ட் அடிக்கான்னு சாதனமெல்லாம் வெளியே எடுக்கும். பின்னெ அவரு திரிச்சு வராது. பூட்டு நம்மோடது அல்லே!" என்று சிரித்தார்.

பெயின்ட் என்று சொல்லிச் சாமானை வெளியே எடுக்க வைத்துவிட்டு, வேறு பூட்டுப் போட்டுவிடுவதுதான் திட்டம். போனை வைத்தேன். செல்வராஜ் எங்களைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்லத் திரும்பி, பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார். வெளியே காத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மலையாளத்தில் சிவப்பு வளையல் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"இப்பக் கேட்டத எங்கயாவது வந்து சொல்லுவீங்களா?"

"நமக்கு எதுக்குப் பிள்ள?" என்று அண்ணன் கையைப் பிடித்தான். நான் என் நம்பரைக் கொடுத்தேன்.

திரும்பும் ரயிலில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "நாம எடுக்கலன்னா வேறொருத்தன் எடுப்பான்," என்று மட்டும் பாறசாலை தாண்டும்போது சொன்னான். அது உண்மைதான்.

வாடகைக்கு இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் தடவை புரோக்கர் இல்லாமல் போங்கள். இப்போது கடை வைத்திருப்பவரிடம் ஏதாவது வாங்குங்கள், நின்று பேசுங்கள். ஒரே நாளில் முடிவு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பண்டிகைக் கூட்டத்தை மட்டும் பார்த்து வியாபாரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

செல்வராஜ் வழக்குப் போட்டிருக்கிறார். கடை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் போன் செய்து, சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், "நீ மட்டும் போனாப் போதாது, அந்தப் புரோக்கர் சொன்னத நானும்தான் கேட்டேன்," என்றான்.