தவளைப் படம் போட்ட பனியன்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்குக் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஒன்று பெரிதாக வந்திருந்தது. தைக்க மிசின் போதவில்லை.

"மச்சான், கம்போடியாவுல ஒரு கம்பெனிய மூடிட்டாங்களாமா. ஜப்பான் மிசினு, சல்லிசா வருதுங்க. புனோம்பென் உங்களுக்குப் பழகின ஊருதானுங்களே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருங்க" என்றான் கம்பெனியில் என் கூட்டாளியான மச்சினன்.

பழகின ஊர்தான். ஆறு வருஷம் அங்கே ஒரு கம்பெனியில் தையல் மேனேஜராகக் குப்பை கொட்டியிருக்கிறேன். மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன். விமான நிலையத்திலிருந்து ஆட்டோக்காரரிடம் வழி நெடுக அவர் பாஷையிலேயே வாயடித்துக்கொண்டு போனேன். வண்டி நின்ற இடத்தைப் பார்த்ததும் என் வாய் அடைத்துப் போயிற்று. நான் வேலை பார்த்த அதே கம்பெனி! முதலாளி மாறி, பெயரும் மாறியிருந்ததால் மிசின் விற்றுத் தரும் புரோக்கர் சொன்னபோது எனக்குப் பொறி தட்டவில்லை.

சாயங்காலம் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வரும் அந்த கேட்டில் மாங்காய் விற்கிறவர்கூட இல்லை. உள்ளே விளக்கு பாதிதான் எரிந்தது. வரிசையாக நின்ற மிசின்களை ஒரு பெண் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள், "சார்!" என்று ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

கிராமத்திலிருந்து புதிதாக வந்த நாளில் அவளுக்குப் பனியன் ஓரம் அடிக்கும் பேட்லாக் மிசினில் தைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். பிறகு லைன் சூப்பர்வைசராகி என்னையே அதட்டுவாள். நான் அங்கேயும் ஆயுத பூஜையை விட்டதில்லை. பொரி கிடைக்காது, அவலை வைத்துக் கும்பிடுவேன். சீனாக்காரக் கணக்கர் உட்பட ஒருவரையும் விடாமல் துரத்திப் பிடித்துக் குங்குமம் வைப்பது அவள் வேலை. என்ன வேண்டுகிறீர்கள் என்று கேட்டாள் ஒரு தடவை. "நிறைய ஆர்டர் வரணும் சாமி" என்று அர்த்தத்தோடு சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் வருஷா வருஷம் அந்த லைனே அதைத் தமிழில் கோரஸ் பாடும். விழுந்து விழுந்து சிரிப்போம்.

மிசின்கள் விற்கும்வரைதான் அவளுக்கு வேலையாம். அதற்கப்புறம் என்ன செய்வாய் என்று அவள் பாஷையில் கேட்டேன்.

"நாற்பது தாண்டினவளை எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டேங்குது சார். மகளோட படிப்பை நிறுத்திட்டேன். பேசாம மிசினோட என்னையும் பெட்டியில போட்டு அனுப்பிடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். அங்கே கடைசியாகத் தைத்த பனியனின் மாடல் ஆணியில் தொங்கியது. மஞ்சள் துணி, மார்பில் பச்சைத் தவளை. அதே தவளைதான் அன்றைக்கு எங்கள் ஊர் லைனில் தையலில் இருந்தது. அந்த ஆர்டர் கிடைத்த அன்று காதர்பேட்டையில் கிலோ கணக்கில் ஜிலேபி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தவன் நான்.

என் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். "இந்த ஆர்டர் போனதாலதான் சார் கம்பெனியே போச்சு. இப்ப எந்த ஊர்ல ஓடுதோ, தெரியலை."

தெரியாதது மாதிரி இருந்திருக்கலாம். முடியவில்லை.

"எங்க ஊர்லதாம்மா" என்றேன்.

கையிலிருந்த துணியால் துடைத்த மிசினையே மறுபடியும் துடைத்தாள். பிறகு, "அப்ப சரி சார். மிசினுக்குப் பழகின வேலைதான். கஷ்டப்படாது" என்றாள்.

மறுநாள் மிசின்களை லாரியில் ஏற்றும்போது ஊதுபத்தியும் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தாள். தான் தைத்த மிசினில் சிவப்புக் கயிறு ஒன்று கட்டினாள். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த அந்த ஒரே தமிழைச் சொன்னாள்.

"நிறைய ஆர்டர் வரணும் சாமி."

லாரி மறைவில் போய் நின்று அழுதேன். அதைத் தவிர என்னால் என்ன செய்ய முடிந்தது?

அந்த மிசின் இப்போது எங்கள் லைனில் ஓடுகிறது. "ஏனுங்க, ஆரோ கயிறு கட்டி உட்ருக்கறாங்க, அறுத்துப் போட்டறட்டுங்களா?" என்று கேட்டார் அதில் தைக்கும் அம்மா. வேண்டாங்க, இருக்கட்டும் என்றேன். அந்த வருஷ ஆயுத பூஜையில் கற்பூரத்தட்டோடு அதன் முன்னால் நின்றேன். வழக்கமான வேண்டுதல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. சாமி யாரிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுக்கிறார் என்று பார்த்துவிட்ட பிறகு, இன்றுவரை அந்த வார்த்தையை முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.