நாற்பத்தாறு ஜன்னல் வைத்த ஆங்கிலேய மாளிகை

தொண்ணூறுகளின் நடுவில் அபுதாபியில் ஒரு வில்லா கட்டினோம். நான் கம்பெனியில் அளவுக் கணக்கு பார்ப்பவன். வில்லாவின் சொந்தக்காரர் இங்கிலாந்தில் படித்த அரபி. அங்கே கிராமப்புறத்தில் ஏதோ பிரபுவின் முன்னூறு வருஷத்து மாளிகையைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று வரைபடம் வாங்கி வந்திருந்தார். சிவப்புச் செங்கல் முகப்பு, நடுவில் வாசல், வலப்பக்கம் என்ன உண்டோ அதுவே இடப்பக்கமும். பனி விழாத ஊரில் பனி வழுக்கி விழச் சரிவான கூரை. இவ்வளவு சமமாக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை.

ஜன்னல்கள் கப்பலில் வந்தன. மேலும் கீழுமாகத் தள்ளித் திறக்கும் மர ஜன்னல்கள், நாற்பத்தாறு. இறக்கி வைத்தவர் ஸ்டோர்கீப்பர், கீழக்கரைக்காரர். வேலை முடியும் தறுவாயில் நான் அறை அறையாகப் போய் எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன், அதேதான். ஜூலை வெயிலில் வெளியே நின்று யாரும் எண்ணுவதில்லை. எங்கள் கணக்கெடுப்பு எல்லாம் வீட்டுக்குள்ளிருந்துதான்.

ஸ்டோர்கீப்பர் அந்த வாரம் லீவில் போக வேண்டியவர். அவர் பாஸ்போர்ட் எங்கள் கம்பெனி அலமாரியில் இருந்தது. "ஜன்னல் மாஃபி, பாஸ்போர்ட் மாஃபி" என்று, அது இல்லையென்றால் இதுவும் இல்லை என அரபு கலந்து என்ஜினீயர் முடித்துவிட்டார்.

"பாய், நாலு ஜன்னல் எங்கே?" என்று கேட்டேன்.

"என்ன சார் கேக்குறீக? தின்னுட்டு ஏப்பமா விட்டேன்?"

"பக்கத்துல முசஃபாவுல, வித்தா வாங்கிக்கிற தச்சுப்பட்டறை நிறைய இருக்கே."

"மகளுக்கு நிக்காஹ் சார். வாப்பா நான் இருந்து ஒப்புக்குடுக்கணும். நீங்க இங்க ஜன்னலை எண்ணுறீக, அங்க மாப்பிள்ளை வீட்டுல நாளை எண்ணுறாக."

கோபப்படாமல் சொன்னார். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. சரக்கைச் சைட்டிலேயே ஒளித்திருப்பார், பிக்கப் வந்து எடுத்துப்போகும் என்று நினைத்து, சாயங்காலம் எதிர்ப்பக்கம் நின்ற தண்ணீர் லாரியின் நிழலில் காத்திருந்தேன். பிக்கப் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் முகப்பு ஜன்னல்களை எண்ணினேன். உள்ளே எண்ணியதைவிட நாலு கூடுதல். வீட்டைச் சுற்றி வந்து மொத்தமும் எண்ணினேன். நாற்பத்தாறு.

யாரோ என்னை ஏய்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஏணி போட்டு ஏறி, இடப்பக்கத்து ஜன்னல் ஒன்றின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். பின்னால் கறுப்புப் பெயிண்ட் அடித்த சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் வேலைக்காரர்களின் மாடிப்படி. வலப்பக்கம் ஜன்னல் இருப்பதால், வெளித்தோற்றம் சமமாக இருக்க இடப்பக்கமும் பொய்யாக ஒன்று; காணாமல் போன நாலும் இப்படித்தான். அந்தக் காலத்து ஆங்கிலேய மாளிகைகளில் இது வழக்கமாம். முகப்பு வரைபடத்தில் நாலும் இருந்தன. நாங்கள் பார்த்தது அறைகளைக் காட்டும் தரைப்படத்தை மட்டும்.

காலையில் என்ஜினீயரை வெயிலுக்கு இழுத்து வந்தேன். விரல் நீட்டி எண்ணினார், வியர்த்தார், "கலாஸ்", முடிந்தது என்றார். மத்தியானமே பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

ஏர்போர்ட் வண்டியில் ஏறும்போது ஸ்டோர்கீப்பர் கூரையைக் காட்டினார். "சார், புகைக்கூண்டு ஆறு இருக்கு, கீழ அடுப்பு ஒண்ணுதான். மிச்ச அஞ்சு அடுப்பையும் நான் பொட்டியில போட்டுக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்லிறாதீக."

டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டோர்கீப்பரின் பெட்டியை வண்டியில் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.